வாங்காத இன்ஸ்பெக்டரை மாற்றக் கோரி

ஸ்ரீரங்கம்,
பிலவ வருஷம், மார்கழி மாதம்.

மெட்ராஸில் சர்க்கார் உத்தியோகத்தில் சூப்பிரண்டாக வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் தர்மராஜ் அவர்களுக்கு அழகிரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை வள்ளிக்கண்ணுவும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் பாதிதான் உண்மையாக இருக்கிறது. தங்கள் தங்கை சௌக்கியம். தாங்களும் வீட்டில் அக்காவும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க அரங்கனை வேண்டிக்கொள்கிறேன். நானே அவரிடம் நேரில் போய் வேண்டிக்கொள்ள இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், மச்சான். எங்கள் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் சுடலைமுத்து என்பவரை உடனடியாக வேறு ஊருக்கு மாற்றித் தர வேண்டும். தூரமான ஊராக இருந்தால் ரொம்ப நல்லது. எலெக்‌ஷன் வருகிற நேரம், இப்போது மாற்றல் எல்லாம் கஷ்டம் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்கள் நினைத்தால் ஆகாத காரியம் உண்டா? அந்த ஆள் செய்த குற்றம் என்ன என்று கேட்பீர்கள். சொல்லவே நாக்கூசுகிறது. மனுஷன் எதுவும் வாங்க மாட்டேன் என்கிறார்.

தங்களுக்குத் தெரியாததல்ல, வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மாவு மில் வைக்கலாம் என்பது தங்கள் யோசனைதான். கோயம்புத்தூரிலிருந்து மோட்டார் வந்து இறங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சாக்குப் போட்டு மூடி வைத்தோம். மூடியது மூடியதுதான். லைசென்ஸ் இல்லாமல் மில்லை ஓட்டக்கூடாது. சாக்குக்கு மேல் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து அதே இடத்தில் குட்டி போட்டாயிற்று. மோட்டார் கம்பெனிக்காரன் தை மாதத்துக்குள் மில் ஓடவில்லை என்றால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டான். வள்ளி வேறு இந்தப் பொங்கலுக்கு நம்ம மில்லில்தான் மாவு என்று வீதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பாக்கியில்லாமல் அவளை "என்ன வள்ளி, அரிசிய ஊற வைக்கட்டுமா?" என்று கேட்கிறார்களாம். அவள் வீட்டுக்கு வந்து குடத்தை வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

பழைய இன்ஸ்பெக்டர் இருந்தவரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. சோடாக் கடைக்காரர் கலர் அனுப்புவார், தையல்காரர் சட்டை தைத்துக் கொடுப்பார், சலூன்காரர் வீட்டுக்கே போய் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கிராப் வெட்டிவிட்டு வருவார். யாருக்கும் யார்மேலும் வருத்தம் கிடையாது. அவர் கைநீட்டி வாங்கினார் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருப்பார், அவ்வளவுதான். நம் முறை வந்தபோது அவர் சம்சாரம் வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர், கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "தேக்குங்களா? நல்லாருக்கு" என்றார். சாயங்காலமே ஊஞ்சல் போய்விட்டது, சங்கிலியோடு. இப்போது கூடத்தில் கொக்கி மட்டும் இருக்கிறது. வள்ளி அதில் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறாள். லைசென்ஸ் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இருக்கையில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைத்தெருவே சேர்ந்து மாலை போட்டு, நாங்களே லாரியில் சாமான் ஏற்றி அனுப்பினோம். ஊஞ்சல் பலகையை ஏற்றும்போது பார்த்துப் பிடிங்கய்யா, கீறல் விழுந்துடப் போகுது என்று சத்தம் போட்டவன் நான்தான் மச்சான். லாரி காவிரிப் பாலம் ஏறி மறைந்த பிறகுதான் லைசென்ஸ் ஞாபகமே வந்தது.

அவர் இடத்துக்கு வந்தவர்தான் இந்தச் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தென்னூரில் லூர்துராணி அம்மா வீட்டு மாடியில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருக்கிறார். எங்கே போனாலும் சைக்கிள்தான். வந்த அன்றைக்கே ஆபீசுக்கு எதிரே இருக்கிற காப்பி கிளப்பில் நுரை தளும்ப ஒரு காப்பி கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு, "எவ்வளவுங்க?" என்றாராம். "உங்களுக்குக் காசா சார்?" என்று கிளப்காரர் சிரித்திருக்கிறார். "எனக்கு இல்லைங்க, காப்பிக்கு" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கிளப்காரருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அன்று ராத்திரியே சமையல்கட்டை ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு அடித்து, அடுப்பு மூலையில் கரி படிந்திருந்த முருகன் படத்தைக்கூடத் துடைத்து வைத்துவிட்டார். சுவரில் இருப்பது முருகன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம்.

இதற்கெல்லாம் வழி சொல்கிறவர் காத்தமுத்து. ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர். மனு எழுதுவது பேருக்கு. எந்தச் சாமான் எந்த வீட்டுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. புது இன்ஸ்பெக்டர் வந்ததிலிருந்து மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். நான் போய்ப் புலம்பினதுக்கு, "வாங்காத ஆள்னு உலகத்துல ஒருத்தனும் இல்லைங்க. குடுக்கத் தெரியாத ஆளுங்கதான் உண்டு. ஒரு பூவன் தார் அனுப்பிப் பாருங்க" என்றார். அனுப்பினேன். மறுநாள் உச்சி வெயிலில் அந்தத் தாரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, நம் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஐயா, உங்க பழம் வழி தப்பி என் ரூமுக்கு வந்துட்டு" என்கிறார் இன்ஸ்பெக்டர். முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை. கோபப்பட்டாலாவது காலில் விழலாம். வள்ளி பாவம் பார்த்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்தார்! குடித்துவிட்டு, வந்ததே வந்தோம் என்று மோட்டாரை மூடியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்து, பூனையைத் தடவிக்கொடுத்து, மோட்டார் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டு, "ஜன்னல வச்சிட்டு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க" என்று கிளம்பிவிட்டார்.

ஜன்னலை வைத்துவிட்டு நான் காத்தமுத்துவிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "மோர் குடிச்சாரா? அப்பப் பிடி கிடைச்சிருச்சு. வெள்ளிக்கிழமைன்னு ஏன் சொன்னாரு? செவ்வாய்க்கிழமைன்னு சொல்லலாம்ல? மங்களகரமா எதாச்சும் கொண்டாங்கன்னு அர்த்தம். திருவரங்கத்துக்காரர் நீங்க, உங்களுக்கா சொல்லணும்? பெருமாள் பிரசாதத்த வேண்டாங்கிறவன் இந்தச் சீமையில பொறந்திருக்கானா? குடுக்கறத அதுக்குள்ள வச்சுக் குடுங்க" என்றார். எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. இப்போது யோசித்தால் எப்படிப் பட்டது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் தாங்கள் மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஊஞ்சலும் போயாச்சு. கல்யாணத்தன்று தாங்கள் என் விரலில் போட்டீர்களே, சிவப்புக் கல் மோதிரம், நம் சொந்தத்தில் எந்த மச்சானும் போடாத மோதிரம், நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் வள்ளி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, கழற்றியதும் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவாளே, அந்த மோதிரம்தான். வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவள் திருப்பாவை சேவிக்கக் கோயிலுக்குப் போன சமயத்தில் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாளே கோயிலில் வாங்கி வைத்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி பண்ணி, மோதிரத்தை வைத்து மூடினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெருமாளே, நீ படுத்திருக்கிறவன், இந்த ஒரு தடவை புரண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கோ என்று வேண்டிக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்தவர் வாசனை பிடித்துவிட்டு, "பிரசாதங்களா? ஒரு வாய் குடுங்களேன்" என்று கை நீட்டினார். கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நான் மாம்பழச் சாலையிலேயே இறங்கி, மீதி தூரத்தை நடந்தே போனேன்.

ஆபீசில் நல்ல கூட்டம். பிரசாதம் என்றதும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இனிமேல் டிராயருக்குள் வைப்பார், வீட்டுக்குக் கொண்டு போவார், சாப்பிட உட்காருவார், புரிந்துகொள்வார் என்று நான் மனசுக்குள் அவரை வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அவரோ மேஜைமேலேயே பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "எல்லாரும் வாங்க! பெருமாள் பிரசாதம்!" என்று கூப்பிட்டார். "சார், இது உங்களுக்குன்னே கொண்டாந்தது, வீட்டுல போயி..." என்று நான் மென்று விழுங்கினேன். "பிரசாதத்த ஒருத்தனா உக்காந்து திங்கலாமாங்க? பாவம்லா" என்றார். குமாஸ்தா, பியூன், லைசென்ஸ் கேட்டு வந்தவர்கள், வரி கட்ட வந்தவர்கள், சும்மா நிழலுக்கு ஒதுங்கினவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். என் கையில் விழுந்த உருண்டையைப் பிசைந்து பிசைந்து பார்த்தேன், கடலைப்பருப்புதான் அகப்பட்டது. மறுபடி வரிசையில் போய் நின்றேன். வேர்க்கடலை அகப்பட்டது. மறுபடியும் நின்றபோது இன்ஸ்பெக்டர், "காலையில ஒண்ணும் சாப்பிடலையாங்க?" என்று பரிவாகக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கூடவே வைத்தார். மோதிரம் இல்லை. அந்த மனுஷன் தன் பங்குக்கு ஒரு சோறுகூட எடுத்துக்கொள்ளாமல் இலையை வழிக்கிறபோதுதான் வாசல் பக்கத்திலிருந்து "ஆத்தாடி, என் பல்லு!" என்று ஒரு சத்தம் கேட்டது.

கீரை விற்கிற மாரியாயி. கடை போட இடம் கேட்டு மனுக் கொடுக்க வந்த கிழவி. "பெருமாள் சோத்துல கல்லு கிடக்குதுங்க!" என்று உள்ளங்கையில் துப்பினாள். சிவப்புக் கல்தான் மச்சான், மோதிரத்தோடு. ஆபீஸ் அப்படியே அடங்கிப்போயிற்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காத்தமுத்து கெட்டிக்காரர். இந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீடித்தால் வம்பு என்று கண்டுகொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி "கோவிந்தா!" என்று ஒரு கத்துக் கத்தினார். அவ்வளவுதான், மொத்த ஆபீசும் "கோவிந்தா! கோவிந்தா!" மாரியாயி தரையில் விழுந்து, "கீரை விக்கிறவ வாயில வந்தாப்பா பூந்த, என் சாமி!" என்று அழுதேவிட்டாள். அவளைப் பார்த்து எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் என் தண்ணீர் வேறே.

இன்ஸ்பெக்டர் மோதிரத்தைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாரோடது?" என்றார். "பெருமாளோடது!" என்றது கூட்டம். அவர் என்னைப் பார்த்தார். "பொட்டலம் நீங்கதான கொண்டாந்தீங்க. உங்களோடதுங்களா?" என்றார். என்னுடையது என்றால், அது எப்படிப் புளியோதரைக்குள் நடந்து போயிற்று என்றும் சொல்ல வேண்டும். மில் போகும், மோட்டார் போகும், வள்ளி இனிமேல் குழாயடிக்கே போக முடியாது. "இல்லைங்க. நான் இத இதுவரைக்கும் பார்த்ததே இல்லைங்க" என்றேன். தாங்கள் போட்ட மோதிரத்தைப் பார்த்து அப்படிச் சொன்ன வாய் அழுகிப் போகட்டும். "அப்பக் கோயில் மடப்பள்ளியில யாரோடதாவது விழுந்திருக்கும். கோயிலுக்கே போய்ச் சேரணும்" என்று இன்ஸ்பெக்டர் அதை என் கையிலேயே கொடுத்தார். உண்டியல், உண்டியல் என்றது கூட்டம். பாதி ஆபீஸ் என்னோடு பஸ் ஏறிவிட்டது. காந்தி மார்க்கெட்டில் ஏறினவர்களும் கதையைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கூடவே வந்தார்கள். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்காமல் மோதிரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க, அத்தனை பேர் கோவிந்தா போட, என் மோதிரத்தை என் கையாலேயே உண்டியலில் போட்டேன். "புண்ணியம் பண்ணின கைங்க உங்களுது" என்று மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெருமாள் புரண்டு படுக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. மோதிரச் செய்தி ஊரெல்லாம் பரவி, இப்போது ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதற்கும் இருக்கட்டும் என்று புளியோதரையோடு வருகிறார்கள். வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஜாக்கிரதையாக மெல்லுகிறார்கள். வள்ளிக்கும் சேதி எட்டிவிட்டது. "மோதிரம் எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள். சிவப்புக் கல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நம்மளுது மாதிரியா?" என்றாள். "அது நம்மளுதுல பாதிகூட வராது" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஏனோ சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் பெட்டிப் பக்கம் பார்ப்பதே இல்லை.

ஆகையால் மச்சான், என் கோரிக்கை இரண்டு. ஒன்று, இந்த மனுஷனை மாற்றிவிட்டு, பழையபடி கொல்லைக் கதவு வைத்த ஒருத்தரை அனுப்பித் தர வேண்டும். நல்லவராக இருப்பது அவர் இஷ்டம், ஆனால் முன்கூட்டியே ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்க வேண்டாமா? இரண்டு, பொங்கலுக்குத் தாங்கள் குடும்பத்தோடு வரும்போது வள்ளி மோதிரத்தை எடுத்து எனக்குப் போட்டுவிடப் பெட்டியைத் திறப்பாள். அதற்குள் அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து ரகசியமாக என் கையில் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கடையில் வாங்கினீர்களோ அதே கடையில், அதே தரத்தில் இருக்கட்டும், ஒரு குன்றிமணி குறையக்கூடாது, வள்ளிக்குக் கண் ரொம்பக் கூர்மை. மில் ஓடியதும் முதல் வேலையாகத் தங்களுக்குத் தீர்த்துவிடுகிறேன். பெரியவர்களுக்கு வணக்கமும், குழந்தைகளுக்கு முத்தங்களும், தங்களுக்கு இன்னும் பெரிய நாற்காலியும் கிடைக்க வேண்டும் என்று ஆசிக்கும்,

தங்கள் அன்புள்ள,
அழகிரி.

பின்குறிப்பு: மேலே கண்டதைப் படித்திருந்தால் முதல் கோரிக்கையை மட்டும் மறந்துவிடவும். இதை மடிக்கிற நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சுடலைமுத்து சார்தான்! ஜன்னலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். "வெள்ளிக்கிழமையே இதக் குடுக்கத்தான் உங்கள வரச் சொன்னேன். நீங்க பிரசாதத்தக் குடுத்துட்டுக் கோயிலுக்குப் போயிட்டீங்க. மோர் இருக்குங்களா?" என்றார். மச்சான், இப்படி ஒரு தங்கமான மனுஷனை மாற்ற யாராவது முயற்சி செய்தால் தாங்கள் குறுக்கே படுத்தாவது தடுக்க வேண்டும். லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம், வேறு ஒருத்தர் வந்தால் கொடுக்க வீட்டில் கொக்கிதான் பாக்கி. இரண்டாவது கோரிக்கை மட்டும் அப்படியே இருக்கட்டும். வேறு கடிதம் எழுதப் பொறுமையில்லை. லைசென்ஸ் வந்த கையோடு மில்லை ஓட்டிவிட்டோம். அரைத்த முதல் மாவில் வள்ளி பசை காய்ச்சியிருக்கிறாள், கவரை ஒட்டித் தபாலில் சேர்க்க அவளிடம்தான் கொடுக்கிறேன். பிறர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அண்ணனுக்கு வள்ளிக்கண்ணு எழுதுவது. பிறர் கடிதத்த நான் படிக்கிறதில்லதான். இது என் மோதிரத்தப் பத்தின கடிதம். அண்ணே, அது கில்ட்டு. கல்யாணம் ஆன வருஷமே சாயம் விட்டுப் பித்தளை தெரிஞ்சிருச்சு. தங்கத்துல போடச் சொல்லித்தான நம்ம அய்யா உங்ககிட்டக் காசு குடுத்தாங்க? உங்க மானம் போயிடக்கூடாதேன்னு யாருக்கும் தெரியாம பெரிய கடைவீதியில ரெண்டு தடவ முலாம் பூசி, துணியில சுத்திச் சுத்தி வச்சுக் காப்பாத்தினேன். அழுகைதான் வந்துச்சு, ஆனா இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். உங்கள ரொம்பப் பெரிய மனுஷன்னு நம்பிக்கிட்டிருக்காரு. ஆனா பித்தளைய உண்டியல்ல போட்ட பாவம் இந்த வீட்டுக்கு வேணாம். பொங்கலுக்கு வரும்போது ரெண்டு மோதிரமாக் கொண்டாங்க, ஒண்ணு பெருமாளுக்கு, ஒண்ணு இவருக்கு. அதே கடையில மட்டும் வாங்கிடாதீங்க.